மலையக்காவின் பாதங்கள்

அவருடைய முகத்திற்கு முன்பாக அவருடைய பாதங்களே எனக்கு நினைவுக்கு வருகின்றன. அகன்ற பாதங்கள். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விலகி நிற்கும். குதிகால்களில் வெடிப்புண்டு. ஞாயிறுதோறும் பெல்லெக்ரீனோ மலையின் பழைய கற்பாதையில் அவர் முன்னே ஏறிச் செல்வார். பின்னே ஏறிய எங்கள் கண்முன் அவருடைய உள்ளங்கால்களே மாறிமாறி எழுந்து மறையும். அதனால் இருக்கலாம்.

அம்மலையேற்றம் இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழும் நம்மவர்க்கு ஒரு வழக்கம். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குகையில் உரோசலியா என்னும் துறவுக்கன்னி கோயில் கொண்டிருக்கிறார். கிறித்தவர் கோயில்தான். ஆயினும் சைவர்களாகிய நாங்களும் நீராடி, நீறணிந்து, காலணியின்றி ஏறிச்சென்று வணங்கி வருவோம். அவரை ‘மாதா’ என்றே அழைப்போம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தட்டை நிலமே. நாங்கள் வாழ்வில் முதன்முதலாக ஏறிய மலைக்குள் ஒரு தெய்வம் இருந்தமையால், மலையென்று ஒன்றிருந்தால் அதன் உச்சியில் ஒருவர் எழுந்தருளியிருப்பார் என்பது எங்களுள் ஐயமின்றிப் பதிந்துவிட்டது. பின்னர் நேர்ந்தவற்றிற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடையில் தெற்கிலிருந்து அனற்காற்று வீசும் நாள்களில் அக்கற்கள் அடுப்பிலிட்ட தோசைக்கல்லாகிவிடும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள்கூட மரநிழலுக்கு மரநிழல் தாவுவார்கள். போத்தல் நீரைக் காலில் ஊற்றிக்கொள்வார்கள். சிலர் காலுறை அணிந்துகொண்டு, காலுறை செருப்பாகாது என்று வாதிடுவார்கள். அவர் மட்டும் வீட்டுக்குள் பாய்மேல் நடப்பதுபோல நடப்பார். நடையில் விரைவும் இல்லை, தயக்கமும் இல்லை. திருப்பங்களில் நின்று எங்களுக்காகக் காத்திருப்பார், அதுவும் வெயிலில்தான். ‘கால் சுடேல்லையோ?’ என்று எவரேனும் கேட்டால் ‘ஒண்டுமில்லை’ என்பார்.

இதனால், ஊரில் ஆசிரியனாக இருந்த என்னை மாஸ்டர் என்பதுபோல, அவரை எல்லோரும் மலையக்கா என்று அழைத்தனர். சொந்தப் பெயரை அறிந்தவர் சிலரே. நானும் அதை எழுதப்போவதில்லை.

போர்கோ வெக்கியோ என்னும் சந்தைப் பகுதியில் அரிசியும் மிளகாய்த்தூளும் விற்கும் சிறு கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர் எந்தப் பயணத்திற்கும் தலைமை தாங்குவார். பெருத்த உடலும் பெருத்த சிரிப்பும் உடையவர். எல்லோருக்கும் அவர் கடைக்கார அண்ணை. மலையக்காவை ஒருநாள் அவர் கேலி செய்தார். கபோச் சந்தையில் காலணி விற்பவர்களெல்லாம் இவருடைய படத்தை மாட்டிவைத்துத் திட்டுகிறார்களாம். எல்லோரும் சிரித்தோம். மலையக்காவும் சிரிக்க வேண்டிய இடம் அது என்று கண்டு, சற்றுப் பிந்திச் சிரித்தார்.

கடைக்கார அண்ணையின் மனைவி வேறுவகை. மலையுச்சியில், குகை வாயிலில், மலையக்கா உள்ளே நுழைந்ததும் அவர் மிதித்த படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இதை முதன்முறை கண்டபோது மலையக்கா படியையும் தன் காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

அவர் வன்னியிலிருந்து போர் முடிந்தபின் வந்தவர். கணவரும் பிள்ளைகளும் எங்கே என்று ஒரு பெண் அறியாமல் கேட்டுவிட, ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் விடையளித்துவிட்டு, அடுப்பிலிருந்த பால் பொங்குவதைச் சுட்டிக்காட்டினார் என்று சொல்வார்கள். அதன்பின் எவரும் கேட்கவில்லை. நகரப் பூங்காவுக்கு அண்மையில், செல்வர் வாழும் தெருவொன்றில், மிக மூத்த ஓர் இத்தாலியப் பெருமாட்டியைப் பராமரிப்பது அவருடைய தொழில். எம்மவர் வழக்கில் அது ‘சிஞ்ஞோரா வீடு’, அம்மையார் வீடு என்பதுபோல. அந்த அம்மையார் தாமாக எழுந்து நிற்க மாட்டார். காலையில் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தி, குளிப்பறைக்கு நடத்தி, நீராட்டி, நாற்காலியில் இருத்த வேண்டும். இவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ‘என் தூண்’ என்று அந்த அம்மையார் இத்தாலிய மொழியில் சொல்வாராம்.

ஒரு நவராத்திரிக்கு நம்மவர் கூடும் மண்டபத்தில் சமையல் நடந்தது. பெண்கள் வட்டமாக அமர்ந்து தேங்காய் துருவினர். மலையக்காவின் தொலைபேசி ஒலித்தது. காதில் வைத்துக் கேட்டார், இரண்டு மூன்று முறை ‘ஓம்’ என்றார், அதை இடுப்பில் செருகிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து துருவினார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். யார் எடுத்தது என்று கேட்டார்.

“தம்பி எடுத்தவன். அம்மா மோசம் போட்டாவாம்.”

எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. அவருடைய கை நிற்கவில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்து, வெண்மை தீர்ந்ததும் ஒருபுறம் வைத்தார்.

“தேங்காய் காணுமோ அக்கா, இன்னும் ஒண்டு உடைக்கவோ?”

தாயை இழந்தவரை அன்று வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னர் மண்டபத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. அழாதவள் நெஞ்சு கல் என்றார்கள் சிலர். மாதாவின் அருள் முற்றியவருக்குத் துன்பம் தெரியாது என்றார் கடைக்கார அண்ணையின் மனைவி. கோடைக் கற்களில் நடந்த கால்களே அவருக்குச் சான்று.

உண்மை எங்கள் வீட்டு மாடிப்படியில் தெரிந்தது. ஒரு மாலை அவர் எங்களுக்குக் கோயில் நீறு கொண்டுவந்து தந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தேநீர் அருந்தினார். நான் எதையோ வாங்கக் கீழே இறங்கியவன், படிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவந்த புள்ளிகளைக் கண்டு திரும்பி வந்தேன். அவர் அமர்ந்திருந்த இடத்திலும் ஒரு சிறு குளம். என் மனைவி யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தாதியாக இருந்தவர். மலையக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். குதிகாலுக்குள் பச்சைப் போத்தற் கண்ணாடியின் துண்டொன்று ஏறியிருந்தது. காலணியின் அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஏறியது. சந்தையில் மிதித்திருக்க வேண்டும். அங்கிருந்து எங்கள் வீடுவரை அதன்மேல் ஊன்றியே நடந்து வந்திருக்கிறார்.

மனைவி அதைப் பிடுங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மலையக்கா திருப்பவில்லை. அயலவர் ஒருவரின் காலைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உமக்கு எவ்வளவு காலமாய்ச் சலரோகம்?” என்றார் என் மனைவி.

அவர் மறைக்கவில்லை. நாட்டிலிருந்து வரும்போதே நீரிழிவு இருந்தது, மருந்தைச் சில காலம் எடுத்தார், சில காலம் விட்டார். பெரிய மருத்துவமனையில் ஒரு மருத்துவர் நைலான் இழையொன்றால் அவருடைய விரல்களைத் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். மருத்துவரின் கையைப் பார்த்துப் பார்த்து இவர் தெரிகிறது என்றிருக்கிறார். பிறகு மருத்துவர் கண்களை மூடச் சொன்னார். மூடிய பின் அவர் எப்போது தொட்டார், எப்போது தொடவில்லை என்பது இவருக்குத் தெரியவில்லை. நரம்புகள் செத்துவிட்டன, இனி மீளா என்று அவர் சொல்லி அனுப்பினார்.

இதை வெளியே விடவேண்டாம் என்று அவர் எங்களைக் கேட்டுக்கொண்டார். சிஞ்ஞோராவின் மகன் அறிந்தால், நிலத்தை உணராத காலுடையவரிடம் தன் தாயைத் தூக்கி நிறுத்தும் பணியை விடமாட்டான். அது நேர்மையான அச்சம். மாதாவின் அருள் என்ற பேச்சைப் பற்றியும் சொன்னார்.

“நான் ஒருக்காலும் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. அவையாய்ச் சொல்லிச்சினம். இல்லையெண்டு சொல்லப் போனால் ஏன் எண்டு கேப்பினம்.”

மனைவி அறிவுரைகள் கூறினார். வெறுங்காலோடு நடக்கலாகாது, நாள்தோறும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சோதிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். எழுந்து செல்லும்போது வாசலில் நின்று, செத்த இடத்தில் திரும்ப உயிர் வருவதே இல்லையா என்று கேட்டார். அரிதாக வரலாம் என்று மனைவி சொன்னது இரக்கத்தால். மருத்துவம் தெரிந்தவர் சொன்னதாகையால் அவர் அதைக் கொண்டு போனார்.

வேலை நாள்களில் காலணி அணிந்தார். நல்ல தடித்த காலணியே வாங்கினார். ஞாயிறு வந்தால் மீண்டும் வெறுங்கால். என் மனைவி சினந்துகொண்டார். மலைப்பாதையில் அவரைத் தனியே நிறுத்திக் கண்டித்தார். அதற்கு அவர் சொன்ன விடையை மனைவி இரவுணவின்போது எனக்குச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எந்தக் கல்லாவது ஒன்று சுடும் என்று பார்த்துக்கொண்டே ஏறுகிறாராம். நாங்கள் நேர்த்தி என்றும் தவம் என்றும் எண்ணியிருந்த ஏற்றமெல்லாம் அந்த மருத்துவரின் நைலான் இழையைத் தானே தன் காலில் வைத்துப் பார்த்த வேலை. ஆனால் கற்கள் சுடவில்லை.

பின்னொரு தை மாதத்தில் வடஇத்தாலியில் ஒரு திருமணம். மணமகன் கடைக்கார அண்ணையின் மருமகன் முறை. நாங்கள் ஒரு கூட்டமாகப் போனோம். மலையக்காவுக்குச் சிஞ்ஞோராவின் மகன் சில நாள் விடுமுறை கொடுத்திருந்தான். திருமணம் முடிந்த மறுநாள் ஆல்ப்சு மலையுச்சிக்குக் கம்பிவட ஊர்தியில் அழைத்துச் செல்வதாகக் கடைக்கார அண்ணை முன்பே அறிவித்திருந்தார். தன் தொலைபேசியில் ஒரு படத்தை எல்லோருக்கும் காட்டினார். பனி மூடிய உச்சி. அதன் விளிம்பில் வெண்மையான உயர்ந்த உருவம் ஒன்று, முக்காடிட்டு, இருகைகளையும் சற்றே விரித்தபடி.

“பாத்தீங்களோ. இஞ்சையும் மாதா நிக்கிறா. மலை எண்டால் மேலை ஒரு ஆள் இருக்கத்தானே வேணும்.”

எவரும் மறுக்கவில்லை. நானும் அப்படத்தைக் கண்டு கைகூப்பினேன். எனவே பயணம் திருத்தலப் பயணமாக மாறிற்று. அன்றைய ஆட்டிறைச்சி விருந்தை எங்கள் கூட்டம் தவிர்த்தது. கடைக்கார அண்ணை தட்டோடு அடுக்களை வாசல்வரை சென்று, மணத்தை மட்டும் உட்கொண்டு திரும்பியதாகப் பெண்கள் நகைத்தனர். மணமாலைகளிலிருந்து மலர்களை உதிர்த்து எடுத்துக்கொண்டோம். கற்பூரமும் தேங்காயும் சேர்ந்தன.

மலையக்கா அம்மலைக்கு வந்ததற்குக் காரணம் வேறு. திருமண வீட்டில், பனிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர், பனி கல்லைப்போல் அன்று, அது கடிக்கும், கட்டைக்கும் உறைக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மலையக்கா தம் இருக்கையை அவருக்கு அண்மையில் இழுத்துக்கொண்டு, எப்படிக் கடிக்கும் என்று கேட்டார். அவர் அத்தனை சொற்கள் ஒருசேரப் பேசி நான் கேட்டதில்லை. முதலில் குத்துமா, முதலில் எரியுமா, எவ்வளவு நேரத்தில் தொடங்கும் என்று கேட்டார். எனக்கு அப்போதே விளங்கியது. மனைவிக்கும் விளங்கியது. காலணியைக் கழற்றமாட்டேன் என்று அவரிடம் வாக்குப் பெற்றுக்கொண்ட பின்னரே மனைவி உறங்கச் சென்றார்.

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. கண்ணாடிச் சுவர் கொண்ட பெரிய கூண்டுக்குள் எங்களை அடைத்தார்கள். வாயிற்காவலன் தேங்காயைக் கையில் வாங்கி, குலுக்கிப் பார்த்து, திருப்பித் தந்தான். கூண்டு நிலத்தை விட்டு எழுந்ததும் மரங்கள் சுருங்கின. பின்னர் மரங்கள் இல்லை, பாறை. பின்னர் பாறையும் இல்லை. தூண்களைக் கடக்கும்போதெல்லாம் கூண்டு ஒருமுறை எழும்பி ஆடிற்று. பெண்கள் முருகா என்றனர். காது அடைத்தது. எனக்கு எல்லோருடைய பேச்சும் நீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. எல்லோரும் வெளியே பார்த்தோம். மலையக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உச்சி நிலையத்தில் கோயில் இல்லை. உணவுக்கூடம் இருந்தது, கம்பளித் தொப்பி விற்கும் கடை இருந்தது, காப்பி மணம் இருந்தது. கதவைத் திறந்தால் பனி படிந்த மேடை, இரும்புவேலி, அதற்கப்பால் எதுவுமில்லை. வெண்மை கண்ணைக் குத்தியது. வேலியோரத்தில் படத்திற் கண்ட உருவம் நின்றது. கடைக்கார அண்ணை நெருங்கிப் பார்த்துவிட்டு, அங்கே பனியைத் தள்ளிக்கொண்டிருந்த பணியாளிடம் மடோன்னா இதுதானா என்று கேட்டார். பணியாளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவன் சிரிக்கவில்லை, பணிவோடு விடையளித்தான். அது காற்றின் விரைவை அளக்கும் கம்பம். பனி உறைந்து உறைந்து அதன்மேல் அப்படி ஓர் ஆடையாகிவிட்டது.

கற்பூரப்பையை வைத்திருந்தவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சரி, கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகேலாது. காத்து அளக்கிறதும் ஒரு தெய்வம்தான். கழட்டுங்கோ சப்பாத்தை” என்றார் கடைக்கார அண்ணை.

எனக்கு மூச்சு முட்டியதால் நானும் மனைவியும் உள்ளே கண்ணாடியருகே அமர்ந்துவிட்டோம். மனைவிக்குக் கடுந்தலைவலி, கண்களை மூடித் தலையை மேசையில் சாய்த்திருந்தார். நான் கண்ட காட்சிக்கு ஒலியில்லை. எல்லோரும் குனிந்து காலணிகளைக் கழற்றினார்கள். கற்பூரம் பற்றவில்லை. மலர்களைத் தூவினார்கள், அவற்றைக் காற்று வேலிக்கு அப்பால் கொண்டுபோயிற்று. தேங்காய் இரும்பில் மோதி உடைந்தது. இவ்வளவும் முடியுமுன்னரே ஒவ்வொருவராகத் துள்ளத் தொடங்கினர். ஒற்றைக் காலில் நின்று காலுறை மாட்டினர். ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சிரித்தனர். கண்ணீர் வழிந்தவர்களும் உண்டு. பின்னர் அனைவரும் படம் எடுக்கத் திரும்பினர். அப்போதுதான் மலையக்கா தனியே தெரிந்தார். கணுக்கால்வரை பனியில் புதைத்து, காலணிகளை ஒழுங்காகச் சோடியாகப் பக்கத்தில் வைத்து, கைகளைக் கோத்து நின்றார். கடைக்கார அண்ணையின் மனைவி அவருக்கு எதிரே கைகூப்பி நின்றார். சிலர் அவரைத் தொலைபேசியிற் பதிவு செய்தனர்.

நான் மனைவியை எழுப்பினேன். எழுந்து நின்று நிலைப்படவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள், வெளியே, கடைக்கார அண்ணையின் இளைய மகள் மலையக்காவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பலெர்மோவிற் பிறந்து வளர்ந்த பிள்ளை.

“அன்ரி, மா நோன் சென்தி ஃப்ரெட்டோ? குளிரேல்லையா உங்களுக்கு? பாஸ்தா அன்ரி, போதும், வாங்கோ.”

தாய் அவளை அதட்டி, தொடாதே என்று விலக்கியிருக்கிறார்.

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். காற்று முகத்தை அறைந்தது. மலையக்கா எங்களைக் கண்டதும் வாக்குத் தவறியவர்போல் தலையைத் தாழ்த்தினார். அவருடைய முகம் வாடியிருந்தது. வலி அதற்குக் காரணமன்று.

“போடும் சப்பாத்தை.”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. குளிருதோ எண்டு பாக்கிறன்.”

“எவ்வளவு நேரமாய் நிக்கிறீர்?”

“தெரியேல்லை. இன்னும் ஒண்டும் வரேல்லை.”

மனைவி மண்டியிட்டுப் பனிக்குள் கையை விட்டு அவருடைய கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். விரல்கள் வெள்ளை மெழுகுபோல் இருந்தன. அவை காலணிக்குள் மடியவில்லை. நானும் கடைக்கார அண்ணையும் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

இறங்கும் ஊர்தியில் இருக்கை இல்லை. மலையக்காவைத் தரையில் இருத்தினோம். என் மனைவி எதிரே அமர்ந்து, தன் கம்பளிச் சட்டையை உயர்த்தி, அந்தப் பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டார். கடைக்கார அண்ணையின் மனைவி நெருங்கி வந்தார். இந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டால் என் பிள்ளைக்கும் ஒரு நல்லது நடக்கும் என்று சொல்லிக் கையை நீட்டினார். உரசக்கூடாது, தொடாதீர்கள் என்றார் மனைவி. ஏன் தொடக்கூடாது என்று அவர் கேட்டார். தலைவலியாலோ சினத்தாலோ என் மனைவி அதுவரை காத்ததைச் சொல்லிவிட்டார்.

“அவவுக்குக் காலிலை உணர்ச்சி இல்லை. சலரோகத்தாலை நரம்பு செத்துப்போச்சு. கல்லும் தெரியாது, பனியும் தெரியாது. விரல் போகப்போகுது, விலகி நில்லுங்கோ.”

கூண்டு ஒரு தூணைக் கடந்து ஆடிற்று. எவரும் முருகா என்று சொல்லவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்று, மெல்ல உள்ளே போயிற்று. வெளியே முதல் மரங்கள் தெரிந்தன.

“அப்ப இவ்வளவு காலமும்...” என்றார் கடைக்கார அண்ணை.

“நான் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை” என்றார் மலையக்கா.

அது உண்மைதான். அவர்களும் அதை அறிந்தே இருந்தனர். எனினும் பலெர்மோவுக்குத் திரும்பிய வழியெல்லாம் அவருடைய இருக்கைக்கு அருகே நாங்களிருவருமே அமர்ந்தோம். மலையடிவார மருத்துவமனையில் சுற்றிவிட்ட வெண்துணியோடு அவர் கால்களை நீட்டி வைத்திருந்தார். இடையிடையே குனிந்து பார்த்தார். தொடவில்லை.

சில கிழமைகளில் விரல்கள் கருத்தன. இரண்டு பாதங்களிலுமாகச் சிலவற்றைப் பலெர்மோ மருத்துவமனையில் அகற்றினார்கள். சிஞ்ஞோராவின் மகன் மலர்க்கொத்தோடு வந்து பார்த்தான். தன் தாய் ‘என் தூண் எங்கே’ என்று நாளெல்லாம் கேட்கிறார் என்று சொல்லிக் கண் கலங்கினான். வேறொரு பெண்ணை அமர்த்திவிட்டதையும் சொன்னான். அதில் அவனைக் குறைகூற ஒன்றுமில்லை. மலையக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிஞ்ஞோரா இடப்பக்கமாகச் சாயும் வழக்கமுடையவர் என்று புதிய பெண்ணிடம் சொல்லுமாறு கூறினார்.

நம்மவரிடையே பேச்சு மாறிற்று. ஏமாற்றிவிட்டார் என்றவர் சிலர். பொய்யாக மலையேறினால் மாதா காலைத்தான் எடுப்பா என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. இகழ்ந்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். முறைவைத்துச் சோறு சமைத்து அனுப்பினார்கள். ஆனால் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சிறுவரை அனுப்பினார்கள். ஞாயிறு ஏற்றம் நடந்தது. முன்னே செல்வதற்கு ஒருவரும் இல்லாமையால், கடைக்கார அண்ணையே முன்னே சென்றார், மரநிழலுக்கு மரநிழல் தாவிக்கொண்டு. அவருடைய மனைவி படியைத் தொடுவதை நிறுத்தவில்லை. இப்போது எவர் காலுக்காக என்று எனக்குத் தெரியாது.

மலையக்கா போர்கோ வெக்கியோவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். காயம் ஆறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் நாங்கள் அவரைக் காணச் சென்றோம். சாளரத்துக்குக் கீழே சந்தை இரைந்தது. மீன்காரன் கூவினான். மலையக்கா கட்டிலில் சாய்ந்து, கால்களை நீட்டியிருந்தார். கட்டுத்துணி இருக்கவேண்டிய நீளத்திற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று வேறாக இருந்தது. களைப்பு என்று முதலில் எண்ணினேன். நெற்றி சுருங்கியிருந்தது. அம்முகத்தில் சுருக்கத்தை நான் முன்பு கண்டதில்லை.

மனைவி கட்டை ஆராய்ந்துவிட்டு, நன்றாக ஆறுகிறது என்றார். மலையக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“மாஸ்டர், நோகுது” என்றார்.

எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து கையை நீட்டினார். கட்டுத்துணியைத் தாண்டி, விரல்கள் இருந்திருக்கவேண்டிய வெறும் விரிப்பின்மேல் சுட்டுவிரலை வைத்தார்.

“இதிலை. சின்ன விரலிலை தொடங்கி இஞ்சாலை வருது. முதல் குத்தும், பிறகு எரியும்.”

மனைவி அவருக்கு அமைதியாக விளக்கினார். உறுப்பை இழந்தவர் பலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு, விரல் போனாலும் அதற்குரிய இடம் மூளையில் போவதில்லை, இல்லாத விரலே நோகும், அஞ்சவேண்டாம், இதற்கென்று மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

“தந்தவை அக்கா. அந்த மேசையிலை கிடக்கு.”

மனைவி எடுத்துப் பார்த்தார். உறை பிரிக்கப்படவில்லை.

“ஏன் போடேல்லை? இவ்வளவு நோவோடை கிடக்கிறீர்.”

மலையக்கா விரிப்பின் வெற்றிடத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை.

“போட்டால் போயிடும் அக்கா.”